மாப்பிள்ளை வண்டியின் காயில்

12-8-74, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மணவாள நகர் முழுக்க ஓர் இலைகூட அசையவில்லை.

வாங்க வேண்டியது: பிளாஸ்க், ரொட்டி, குளுக்கோஸ், டார்ச்சுக்கு பேட்டரி. பழைய வேட்டி வீட்டிலேயே இருக்கிறது, கிழித்து வைத்தால் போதும்.

மகள் மல்லிகாவை டாக்டர் அம்மாவிடம் காட்டினோம். பிள்ளை இன்னும் குறுக்கேதான் கிடக்கிறது. மாதம் நிறைந்துவிட்டது, இனித் தானாகத் திரும்பும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். வலி கண்டு வழியில் மாட்டிக்கொண்டால் தாய், பிள்ளை இரண்டு பேருக்கும் ஆபத்து என்றார். என் மனைவி, ஆடி முடிந்து சனிக்கிழமை போகலாமா என்று இழுத்தாள். டாக்டர் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு இவளையே பார்த்தார். வெள்ளிதான்.

வீட்டுக்கு வந்து விளக்கினேன். கட்டிலை நீளவாக்கில் பிடித்தால் வாசலில் நுழையும், குறுக்கே பிடித்தால் எத்தனை பேர் தள்ளினாலும் நுழையாது. ம. சிரித்தாள். இவள் அழுதாள். உதாரணம் சொல்ல இடம் பார்க்க வேண்டும்.

டாக்ஸி பேசி வைக்கிறேன் என்றேன். ம. முகம் மாறிவிட்டது. "வேணாம்ப்பா. நம்ம வண்டிலதான் கூட்டிக்கினு போவேன்னு அவரு கம்பெனி பூரா சொல்லிக்கினு இருக்காரு."

அந்த வண்டி! மாப்பிள்ளை சேகர் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேன்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டு பேருக்குத்தான் இடம். பின்னால் ஒரு பை வைக்கலாம். தரையோடு தரையாக இருக்கும், நிறைமாதக்காரி அதில் ஏறுவதில்லை, இறங்க வேண்டும். இதெல்லாம் போகட்டும். சூடேறினால் நடுவழியில் நின்றுவிடுகிறது. இக்னிஷன் காயில் பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று போன வாரம் சொன்னார். பேட்டரியின் சின்ன மின்சாரத்தை, பிளக்கில் பொறி பறக்கிற அளவுக்குப் பெரிதாக்கித் தருவது அதுதான்.

13-8, செவ்வாய்

மேகம் கூடி, கலைந்தது. மழை இல்லை.

மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்தார். கூடவே காக்களூர் எலெக்ட்ரீஷியன் தனபால், அவருடைய சிநேகிதர். வாயாடி, நல்ல மனுஷன். வாசலில் வைத்தே காயில் மாற்றினார்கள். கழற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலையில் விரிசல், எண்ணெய் கசிந்து பிசுபிசு. புதிதாகப் போட்டது கம்பெனி வேன்களுக்குப் போடும் ரகம்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தூண்டு சுருள் பாடம் நடத்தியவன், இந்தக் காயிலும் அதுதான். ஆசை விடவில்லை, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. வேன்களில் மைனஸ்தான் சேர்ந்திருக்கும். இது தலைகீழ் வண்டி. அப்படியானால் காயிலின் இரண்டு வயரையும் மாற்றித்தானே கொடுக்க வேண்டும்? மாப்பிள்ளை வேனுக்குக் கொடுப்பது போலவே கொடுத்தார். பழக்கம், கை தானாகச் செய்கிறது.

சொல்லவில்லை. பெண் கொடுத்தவன் மாப்பிள்ளை வேலையில் குறை சொல்வதா? அதுவும் அவர் சிநேகிதர் எதிரில். தவிர, நான் படித்துச் சொன்னவன், அவர் தினமும் செய்கிறவர். எனக்கே சந்தேகம்.

என்னை ஏற்றிக்கொண்டு திருநின்றவூர் வரை ஒரு நடை. போகும்போது சரி. திரும்பும்போது இருமல், அப்புறம் நின்றே விட்டது. தூங்குமூஞ்சி மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பெட்ரோலில் அழுக்கு என்றார். சைக்கிளில் போன ஒருவன், "இன்னா சார், பொம்ம காரு பேஜார் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.  மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது.

எனக்கு ஒரே நினைப்பு. இந்த மரத்தடியில் மல்லிகா இருந்தால்?

14-8, புதன்

வெயில். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

காலையில் தனபால் இன்னொரு காயில் கொண்டுவந்தார். அதையும் மாற்றினார்கள். அதே வயர், அதே இடம். கொஞ்சம் ஓடிச் சூடானதும் அதே இருமல். மாப்பிள்ளை மூன்றாவது காயில் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெள்ளிக்கு நடுவில் ஒரே நாள்.

உள்ளே போய்ப் பென்சில் எடுத்துவந்தேன். பிளக்குக்குப் போகும் வயரைத் துணி கிளிப்பில் பிடித்துச் சற்றே தள்ளி வைத்து, பொறி பறக்கும் இடைவெளியில் பென்சில் முனையைக் காட்டினேன். பொறி சரியான பக்கமிருந்து கிளம்பினால் முனையிலிருந்து பிளக் பக்கம் செம்மஞ்சளாக ஒரு சுடர் தெரியும். இங்கே வயர் பக்கம் தெரிந்தது. சந்தேகமே இல்லை, தலைகீழ்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உதாரணம் வேறு சொன்னேன். "கொதிக்கிற பால் தானா பொங்கும் மாப்பிள்ளை, ஆறின பால் பொங்காது. பிளக்கோட நடுமுனைதான் சூடு. பொறி அங்கிருந்து கிளம்பறது சுலபம். நாம ஆறின பக்கத்துலேர்ந்து பொங்க வைக்கப் பாக்கறோம்."

மாப்பிள்ளை பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அதற்குள் தனபால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாபா சேகரு, ரெண்டு காயில் மாத்தி இன்னா பிரயோசனம்? வாத்தியாரு ஒத்த பென்சில வச்சிக்கினு உன்ன பெயிலாக்கிட்டாரே. கம்பெனில சொன்னா போதும், டீ செலவு உன்துதான்."

மாப்பிள்ளை பானெட்டை மூடினார். தனபாலை வண்டியில் ஏறச் சொன்னார். இவள் இலை போட்டு, சாதம் வைத்துவிட்டு வந்து கூப்பிட்டாள். "இல்லைங்க அத்தை, வேலை கீது" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. வண்டி இருமிக்கொண்டே போனது.

மாப்பிள்ளை இலையை விட்டுப் போய்விட்டார். இந்த வீட்டில் இதுவரை நடக்காதது.

இவள் அந்த இலையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ம. மட்டும் மெதுவாக, "நீங்க சொன்னது சரிதான்ப்பா. அந்த ஆளு எதிர்ல சொல்லிட்டீங்களே. என்கிட்ட சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றாள். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். வலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். நம்பவில்லை.

15-8, வியாழன்

கொடியேற்ற நாள். பழைய பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள், போகவில்லை. மிட்டாய் மட்டும் வந்தது.

ஸ்டாண்டுக்குப் போய் டாக்ஸிக்காரர் துரையிடம் சொல்லிவிட்டேன். வெள்ளி விடியும்போது வாசலில் நிற்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் சிவப்பு வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை மட்டும். மூன்றாவது காயில் வாங்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சொல்கிறார் என்று புரிந்தது. வயர் இரண்டும் மாற்றியிருந்தது.

"ஏறுங்க மாமா."

ஆவடி வரை போனோம்.  சூட்டில் நிறுத்தினார், கிளப்பினார், மறுபடி நிறுத்தினார், கிளப்பினார். ஒவ்வொரு தடவையும் பிடித்தது. ஒரு இருமல் இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் இவளிடம், "சாப்பாடு இருக்குங்களா அத்தை?" என்றார். இவள் ஓடியதைப் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது டாக்ஸியை என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லிவிட ஸ்டாண்டு வரை நடந்தேன். துரை அங்கேதான் இருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நாள் சரியாக ஓடிய வண்டி. குறுக்கே கிடக்கும் பிள்ளை. சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

16-8, வெள்ளி. ஆஸ்பத்திரி வராந்தா

விடியும்போது தூறல். துரை சொன்னபடி வந்து, சிவப்பு வண்டிக்குப் பின்னாலேயே நிறுத்தி ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டிருந்தார். டாக்ஸியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ம. தலை குனிந்துகொண்டாள்.

"உங்க அத்தை எங்க உட்காருவா மாப்பிள்ளை? மூட்டை வேற இருக்கு. நாங்க இதுல பின்னாலயே வந்துடறோம்" என்றேன்.

வாய் கொப்பளித்து முடித்தார். பிறகு, "பின்னால வரச் சொல்லுங்க மாமா. ரொம்ப தள்ளி வேணாம்" என்றார்.  அவருக்கும் பயம்தான்.

ம.வை இருபுறமும் பிடித்து இறக்கி உட்கார வைத்தோம். வழி முழுக்க அந்தச் சிவப்பு முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். இவள் கண்ணை மூடி முருகா முருகா என்றாள். ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தவில்லை அவர். கூட்ஸ் வண்டி முடிவதாகவே இல்லை. சிவப்பு வண்டி ஒரு குலுக்கல் குலுங்கி அணைந்தது. துரை, "போச்சி" என்றார். கேட் ஏறியது. பின்னாலிருந்து லாரி ஹாரன்.  ஒரே சாவிதான், பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார். அப்புறம் எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் நெருங்கும்போதே வலி. போர்டிகோவில் வண்டி குதித்து அணைந்தது. அவர் அப்படியே இறங்கி, ம.வைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினார். செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது.

அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். நடுவில் இருந்த நேரத்தை எழுத முடியாது.

பெண். இருவரும் நலம். ம. மயக்கத்தில் இருக்கிறாள், நர்ஸ் சிரித்தார்.

செருப்பை எடுத்து வைக்கலாம் என்று வெளியே வந்தேன். வண்டியில் சாவி போட்டபடியே, திருப்பியபடியே. இன்ஜின் ஓடாமல், காலையிலிருந்து காயிலில் மட்டும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சாவியை எடுத்தேன். பானெட்டைத் திறந்து காயிலில் விரலை வைத்து, உடனே எடுத்துவிட்டேன். தலை வெடித்து எண்ணெய் வழிந்திருந்தது. முடிந்தது.

உள்ளே மாப்பிள்ளை குழந்தையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அசையாமல் நிற்கிறார். யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

சாவி என் சட்டைப் பையில். நாளைக்குச் சொல்லலாம்.