மீன் ஏலத்தில் அத்தா கேட்டது

அன்பு மகள் முனீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அத்தாவும் நலம், ஆஸ்திரேலியாவில் அந்த ஹோபார்ட் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கேயே நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, இனி திரும்புவதாக இல்லை, அத்தாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்று போன மாதம் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே சிங்கப்பூரில் நம் பொங்கோல் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பொங்கோல் மீன்பிடிக் கிராமமாக இருந்த காலத்தை நினைவுபடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு விழா நடந்தது, அட்டையில் படகு, வாடகை வலை, கைலி கட்டிய ஆபீஸ்காரர்கள். அந்தக் காலத்தில் விடியுமுன் படகுகள் கரை சேர்ந்ததும் மீன் வாங்க வந்தவர்கள் விலையைக் கூவ மாட்டார்களாம், ஒவ்வொருவராக வந்து ஏலக்காரரின் காதில் மட்டும் சொல்வார்களாம், அவரும் முகத்தில் எதையும் காட்டாமல் அதிகம் சொன்னவருக்கு மீனைக் கொடுப்பாராம். அதை நடத்திக் காட்ட பக்கத்து வீட்டுச் சேதுபதி என்னையே ஏலக்காரியாக்கிவிட்டார், என் முகத்தைப் பார்த்து எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாதாம். ஒரு மாதமாக உன் ரகசியத்தைச் சுமந்த முகமல்லவா, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஐஸில் ஒரு பெரிய கொடுவா மீன். முத்தாயி அக்கா முதலில் வந்து, பத்து வெள்ளி தருகிறேன், தலை மட்டும் போதும் என்றார். அடுத்து அத்தா. அவர் மெதுவாகப் பேசினாலே எதிர் புளோக்கில் ஜன்னல் திறக்கும். என் காதருகே குனிந்தவர் விலை சொல்லாமல், "ரபியா, புள்ள இனி இங்க வரமாட்டாளா?" என்றார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வீட்டில் நேருக்கு நேர் கேட்கத் துணிவில்லாமல், காதோடு கேட்க ஓர் இடம் வாய்த்ததே என்று நினைத்திருப்பார் போலும், பாவம். ஏலக்காரி முகத்தில் எதையும் காட்டக் கூடாதுதான், என் கண் நிறைந்துவிட்டது. சேதுபதி கொடுவாவைத் தூக்கி அத்தாவின் கையில் வைத்து, "பாய், இதுக்கு மேல யாரும் ஏலம் கேக்க மாட்டாங்க லா, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வீட்டில் மீனைக் கழுவிக்கொண்டே அத்தா கேட்டது ஒன்றுதான், அந்த ஊரில் ஹலால் கறி கிடைக்குமா என்று. கிடைக்கும் என்றேன். சரி, அவளே சொல்லட்டும், அதுவரை எனக்குத் தெரியாது என்றுவிட்டார்.

உன் வேலையில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், எங்கள் துஆ எப்போதும் உன்னோடு உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தாவைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. நடுவில் சிரித்துவிடாதே. ஆச்சரியப்படுவதற்கு ஞாயிறிலிருந்து கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருக்கிறார், இன்னும் சரியாக வரவில்லை.

உன் அம்மா,
ரபியா