வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அடியில்

ஷார்ஜா, மார்ச் 2006, வியாழன் இரவு

இன்று படகு பழுதுபார்க்கும் யார்டில் ஒரு பணக்காரரின் பழைய உல்லாசப் படகில் வெள்ளைப் பெயிண்ட்டைச் சுரண்டினேன். அடியில் சாம்பல் நிறம். முன்தளப் பலகையைப் பெயர்த்தால் வட்டமான இரும்புத் தகடு, சுற்றிலும் போல்ட் ஓட்டைகள். மேஜை நின்ற இடம் என்று நினைத்து வெட்டப் போனேன்.

சூப்பர்வைசர் சுலைமான் பாய் கத்தினார். "கலாஸ், நிறுத்துப்பா! இது பீரங்கி நின்ன இடம். உலகப் போர் நேரத்துல இந்த மாதிரி படகையெல்லாம் நேவி எடுத்து, சாம்பல் பெயிண்ட் அடிச்சு ரோந்துக்கு விட்டுச்சு."

அந்த வட்டத்தில் ஏறி நின்று கடலைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

வெட்டுவதா வேண்டாமா என்று படகு முதலாளி நாளை வந்து சொல்வாராம். நாளை வெள்ளி, லீவு. நான் டூட்டிக்குப் போகிறேன் என்றதும் ரூமில் கூட இருப்பவர்கள் காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.