விருந்தினர் புத்தகத்தில் ஏழாவது பெயர்

5.7.99, திங்கள்

காலை ஏழுக்கே வெக்கை. ஜெனிக்கு மூக்கடைப்பு. சளி மருந்து கால் ஸ்பூனா, அரை ஸ்பூனா? டாக்டரைக் கேட்கணும். ரவிக்கைக்குள் மடித்து வைக்க இன்னும் நாலு துணி தைக்கணும். இருப்பது பத்தவில்லை, பதினொன்றரைக்கே நனைந்துவிடுகிறது.

ஆபீசில் லட்டு. கம்பெனிக்கு வெப்சைட் வந்தாச்சாம். மேனேஜர் ரகுராமன் சார் அமெரிக்க டாக்டர்களின் குரலைக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்த எல்லோரையும் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி தன் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். நீல எழுத்தில் கம்பெனி பெயர், பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பூமி உருண்டை. கீழே கிளையண்ட் ரூம் படம். சோபா, ஏ.சி., பூ ஜாடி. 'ஊழியர்களுக்கு உலகத்தரமான வசதிகள்' என்று இங்கிலீஷில். கோமதி என் இடுப்பில் இடித்தாள். அந்த ரூமுக்குள் நாங்கள் யாரும் போனதே இல்லை. அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தால்தான் திறப்பார்கள். நான் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை.

கடைசியாக 'கெஸ்ட் புக்' என்று ஒரு பக்கம். "எல்லாரும் பார்த்துட்டு ரெண்டு வரி எழுதுங்க. மனசுல பட்டதை எழுதுங்க" என்றார் சார்.

ஒரு மணிக்கு மாமா வந்துவிட்டார். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்குத் தினமும் பஸ்ஸில், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகள் பால் கொடுக்க. வேறு எந்த மாமனார் செய்வார்? இரண்டாம் மாடிக்கு ஏறும் படி திரும்புகிற இடம், தண்ணீர் டிரம் பக்கத்தில், அதுதான் எங்கள் இடம். சுவரைப் பார்த்து உட்காரணும். அந்தச் சுவர் எனக்கு மனப்பாடம். ஒரு ஆணி, போன வருஷக் காலண்டர், இலங்கை மாதிரி காரை பெயர்ந்த இடம். இன்றைக்குக் கூரியர்காரர்: "கொஞ்சம் நகரும்மா." நகர்ந்தேன். ஜெனி வாயை எடுத்துவிட்டு அழுதாள். இருபது நிமிஷத்தில் சீட்டுக்குத் திரும்பாவிட்டால் அரை நாள் லீவு.

கோமதி 12.40. நான் 1.00. ஷகிலா 1.20. மூன்று பிள்ளைகள், ஒரு படிக்கட்டு.

7.7.99, புதன்

மேகம், மழை இல்லை.

எழுதிவிட்டேன்.

ஆபீசில் எங்களுக்கு இன்டர்நெட் கிடையாது. சாயந்திரம் லஸ் பக்கத்து பிரௌசிங் சென்டர். நடத்துகிறவள் சுமதி, காலேஜில் எனக்கு ஒரு வருஷம் சீனியர். சைட் தட்டுத் தடுமாறித் திறந்தது. கெஸ்ட் புக்கில் எனக்கு முன்னால் ஆறு பேர். எல்லாம் வாழ்த்து. "சூப்பர் சைட், மச்சி!" என்று சாரின் மைத்துனர், நியூ ஜெர்சி.

நான் இங்கிலீஷில், ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி. அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள். என் முழுப் பெயர், ரெஜினா மேரி. ஊழியர் எண். கைக்குழந்தை உள்ள மூன்று பேர் படிக்கட்டில் பால் கொடுக்கிறோம், ஆண்கள் தாண்டிப் போகிறார்கள், கிளையண்ட் ரூம் பூட்டியே இருக்கிறது, ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். சோபா வேண்டாம், ஏ.சி. வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு மட்டும். இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள. இடம், நாள் எல்லாம் போட்டேன்.

அழுத்தியதும் என் பெயர் ஏழாவதாக வந்து நின்றது. நன்றாக இருந்தது பார்க்க.

வாங்கணும்: ரவை, கொசுவத்தி, ஜெனிக்கு நாப்கின் ஊக்கு.

10.7.99, சனி

மணி பதினொன்று, இன்னும் தூங்கவில்லை. பயமா, வேறு என்னவோவா தெரியவில்லை.

சார் பதில் எழுதியிருக்கிறாரா பார்க்கத்தான் போனேன். சுமதி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய் ரெஜி, இதை நீயா எழுதினே? உன் பேரை வேற போட்டிருக்கே?"

"புகார் புத்தகத்துல பேர் போடாம எழுதினா யாரு மதிப்பாங்க?"

"லூசு. இது புகார் புத்தகம் இல்லடி. உலகத்துல கம்ப்யூட்டர் இருக்கிற எவன் வேணா படிக்கலாம்."

நான் நினைத்தது: ஓட்டல் கல்லா பக்கத்தில் ஆணியில் தொங்குமே, நாம் எழுதுவோம், முதலாளி மட்டும் படிப்பார், அந்த மாதிரி. பி.எஸ்சி. படித்தவள். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கீழே! எனக்குக் கீழே பதினொரு பேர். யாரோ பார்த்துவிட்டு ஈமெயிலில் பலருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், பாங்கில் வேலை, டாய்லெட்டில் நின்றுகொண்டு பால் பீய்ச்சிக் கொட்டுகிறாளாம். ஹைதராபாத்தில் எங்கள் மாதிரியே டைப் அடிக்கிற ஒருத்தி, "எங்களுக்குப் படிக்கட்டுகூட இல்லை." கனடாவில் ஒரு ஆள், தன் மனைவிக்காக. அப்புறம் அமெரிக்காவில் ஒரு நர்ஸ். அவளுடைய வரிகளை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்: "எங்கள் டாக்டர் பேசிப் பதிவு செய்வது மறுநாள் எழுத்தாகத் திரும்பி வருகிறது. ஏதோ மெஷின் செய்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ரெஜினா, உன் குழந்தை பெயர் என்ன?"

அந்த டாக்டர்களின் குரல்களோடு ஒன்றரை வருஷமாக இருக்கிறேன். ஒருவருக்கு வாக்கிய நடுவில் இருமல். ஒருவர் நோயாளி இறந்த அன்று மெதுவாகப் பேசுவார். அந்தப் பக்கம் மனுஷர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் மனுஷி என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது, இத்தனை நாள்.

லஸ்ஸில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தது. எங்கே போயிருக்கிறது! சாந்தோம் கடற்கரையில் நின்று அக்கரை எங்கே என்று தேடிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

'ஜெனிபர்' என்று மட்டும் பதில் எழுதிவிட்டு வந்தேன்.

12.7.99, திங்கள்

கூப்பிட்டுவிட்டார்.

காலையில் துடைப்பத்தோடு மல்லிகாக்கா: "இன்னா ரெஜினாம்மா, உன் பேரு அமெரிக்கா வரிக்கும் போய்க்கினு கீதாமே? சாரு மூஞ்சியப் பாத்தியா? வெந்துபோய் கீது."

சார் கதவைச் சாத்தவில்லை. எல்லோரும் கேட்கட்டும் என்றுதான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"நீங்கதான் சார் எழுதச் சொன்னீங்க. மனசுல பட்டதைன்னு."

"வாழ்த்து எழுதச் சொன்னேன்மா! கிளையண்ட் போன் பண்ணி என்னைக் கேக்கறான், உங்க ஆபீஸ்ல பொம்பளைங்களைப் படிக்கட்டுலயா உக்கார வச்சிருக்கீங்கன்னு. நான் என்ன சொல்ல?"

உக்கார வச்சிருக்கோம்னு சொல்லுங்க சார். மனசுக்குள் சொன்னேன்.

அந்தப் பக்கத்தை அழிக்க மாட்டாராம். அழித்தால் உண்மை என்று ஆகிவிடுமாம். நானே அதன் கீழே எழுதணும்: 'நான் எழுதியது தவறான தகவல். வருந்துகிறேன்.' அதையே தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தரணும். வியாழன் வரை டயம். "இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிச்சுப் பாரு."

படித்தேன். ஒன்பதாவது விதி, கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம். மாமா பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை படித்தார். என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஏப்ரலிலிருந்து லே-ஆஃப், பகலெல்லாம் வேலை தேடி அலைகிறார். என் வேலையில்தான் வீடு ஓடுகிறது. இவர், "எழுதிக் கொடுத்துடேன் ரெஜி. நாலு வரிதானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜெனி புரண்டு குப்புற விழுந்தாள், முதல் தடவை. நான் பார்க்கவில்லை. மாமா பார்த்தார்.

13.7.99, செவ்வாய்

சாயந்திரம் தூறல். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த பிலோமினா அக்கா வீடு, ராஜா அண்ணாமலைபுரம். லேபர் கோர்ட்டில் வக்கீல். கறுப்புக் கோட்டோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கேட்டவை:
- கன்ஃபர்மேஷன் லெட்டர் இருக்கா? (இருக்கு.)
- நோயாளி பேர் எழுதினியா? டாக்டர் பேர்? கிளையண்ட் பேர்? (இல்லை.)
- எழுதினதுல பொய் ஒண்ணாவது? (இல்லை.)
- ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் மெஷின்ல எழுதினியா? (இல்லை.)

"அப்போ எதுக்கு அழறே?"

"வேலை போயிடும்னு சொல்றாரே அக்கா."

"வாயால சொன்னா போயிடாது. விளக்கம் கேட்டு மெமோ தரணும், விசாரணை வைக்கணும். தரட்டும், பதில் எழுதுவோம். கம்ப்யூட்டர்ல எழுதினதுக்கு இங்க கேஸ் வந்து நான் பார்த்ததில்லை. அதனால ஜெயிச்சுடுவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு. உண்மையைப் பொய்னு நீயே எழுதிக் கொடுத்தேன்னா, நாளைக்கு நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. கையெழுத்து மட்டும் போடாதே."

கூட வந்திருந்த மாமா தலையை ஆட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது, "படியில உக்காந்தது பொய்னு எழுதினா, நான் தினமும் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தது எங்கே போச்சு?" என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

என் தோளில் ஜெனியின் மூச்சு, சத்தமில்லாமல். மூக்கடைப்பு பரவாயில்லை.

14.7.99, புதன்

காலை பதினொன்றுக்குச் சுமதி போன், பக்கத்து வீட்டுக்கு. ஒரு மணிக்கு மாமா எழுதிக் கொண்டுவந்த சீட்டு: 'உன் பெயருக்குக் கீழே கோமதி, ஷகிலா. முழுப் பெயர், ஊழியர் எண்ணோடு.'

கோமதியா! ஆத்துல மாமியாருக்குத் தெரியாமல் காபி குடிக்கவே பயப்படுகிறவள். மாலை பாண்டி பஜார் பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"பின்னே? நீ ஒருத்தி சொன்னா பொய்யும்பார். மூணு பேர் சொன்னா என்னம்பார்? ஷகிலாவும் நானும் சேர்ந்துதான் போனோம். மன்னிகிட்ட குழந்தையைக் கொடுத்துட்டு. பேரை அடிச்சுட்டு நான் கண்ணை மூடிண்டுட்டேன், அவதான் என் எம்ப்ளாயி நம்பரைப் போட்டா." அப்புறம் சிரித்தாள். "உன்னை மாதிரியே அனுப்புநர், பெறுநர்லாம் போட்டிருக்கேன். பார்த்துக்கோ."

கோமதி, ஒன்பது மாசப் பையன். ஷகிலா, ஐந்து மாசப் பெண். இவர்களைத் தினமும் பார்த்தேன். பார்க்கவே இல்லை.

15.7.99, வியாழன்

ஒழுங்காக எழுதணும், மறக்கக் கூடாது.

12.50. சார் கூப்பிட்டார். தன் ரூமில் இல்லை, கிளையண்ட் ரூமில். பூட்டைத் திறந்தார். குளிர். சோபாவில் பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. ஜன்னல் திரைக்கு வெளியே உஸ்மான் ரோடு முழுக்கத் தெரிகிறது. இவ்வளவு வெளிச்சம் இருக்கிற ரூமா இது! மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், கெஸ்ட் புக் திறந்து. பக்கத்தில் தாள், பேனா.

"உக்காரு. அமைதியா அடி. நான் சொல்றேன்."

உட்கார்ந்தேன். கை கீபோர்டில். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. "முடியாது சார்" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா? சொன்னேன். சின்னக் குரலில். "படியில உக்காந்தது நிஜம் சார். மெமோ குடுங்க, பதில் எழுதித் தரேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

அப்போது வெளியே ஜெனியின் அழுகை. ஒரு மணி. மாமா எங்கள் இடத்தில் நிற்காமல் மேலேயே வந்துவிட்டார், மல்லிகாக்கா கூட்டிக்கொண்டு வந்தாளாம். அழுகை கேட்டதும் எனக்கு இரண்டு பக்கமும் நனைந்தது, துணி எல்லாம் தாண்டி, புடவைக்கு வெளியே. சார் பார்த்தார். உடனே ஜன்னலைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

மாமா பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் எழுந்திருக்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம், என் கால் எழுந்திருக்கவில்லை.

"சார், பிள்ளைக்குப் பசி."

சார் மேஜைப் பக்கம் வந்தார். தாளை எடுத்தார், வைத்தார். பிறகு வெளியே போய்க் கதவைத் தானே சாத்தினார். திட்டினபடி போகவில்லை. பாவம், தடுக்கிக்கொண்டு போனார்.

பிளாஸ்டிக் உறை முதுகில் ஒட்டியது. ஜெனி குடித்தாள். நடுவில் யாரும் தாண்டிப் போகவில்லை. குடிக்கும்போது அவள் கால் விரல்களை மடக்கி மடக்கி விரிப்பாள் என்று இன்றைக்குத்தான் தெரியும். இரண்டு மாசமாகப் பகலில் சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரில் என் பெயர், ஏழாவது, அப்படியே.

16.7.99, வெள்ளி

காலையில் மெமோ. தாளில், சீலோடு. ஏழு நாளில் விளக்கம் தரணும். பிலோமினா அக்காவுக்குப் போன்: "குட். இப்பத்தான் வழிக்கு வந்திருக்காங்க. ஞாயிறு பூசைக்கப்புறம் எடுத்துட்டு வா." இவர் மெமோவை வாங்கிப் படித்துவிட்டு நல்ல கவராகப் பார்த்துப் போட்டு வைத்தார். எழுதிக் கொடுத்துடேன் என்று மறுபடி சொல்லவில்லை.

பயம் போகவில்லை. வேலை இருக்குமா தெரியாது.

12.30-க்குக் கிளையண்ட் ரூமைப் பூட்ட சார் வந்திருக்கிறார். கதவில் நேற்று விட்ட சாவியைக் காணோம். மல்லிகாக்காவைக் கேட்டார்.

"சாவியா? எனக்கின்னா தெரியும் சார். பெருக்கச் சொன்னீங்க, பெருக்கினேன். எங்க வுழுந்துச்சோ."

"மாத்து சாவி?"

"அதுவும் அதே வளையத்துல தான கீது."

அவள் இடுப்புச் செருகலில் ஏதோ மேடாக இருந்தது. நான் பார்க்கவில்லை. கோமதியும் பார்க்கவில்லை. ஷகிலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

12.40 கோமதி போனாள். ஒரு மணிக்கு நான். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். புதுசு, இறுக்கமாக இருக்கிறது, கோமதிக்கு முன்னால் யாரும் போட்டதே இல்லை போல.