சிவப்பு நூல் கட்டிய குப்பி

செவ்வாய்க்கிழமை, இரவு.

புதுக்கடை ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கழிப்பறை கழுவும் தங்கம், இன்று பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட்டை ஊற்றிவிட்டார். புகை நெஞ்சில் ஏறி மயங்கி விழுந்தார்.

"எல்லாக் குப்பியிலயும் லேபிள் ஒட்டியாச்சு சார். அவ பாக்கல்ல. இனி வேலைக்கு வராண்டாம்னு சொல்லப் போறேன்" என்றார் தலைமையாசிரியை. செய்திக்காகக் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கம் இருமிக்கொண்டே பேசினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சாரே. ஆசிட் குப்பிக்க கழுத்துல சிவப்பு நூலு கெட்டி வச்சிருந்தேன். பத்து வருசமா ஒரு தப்பும் வரல்ல. நேத்து நூல அறுத்துப் போட்டுட்டு எல்லாத்திலயும் ஒரே மாதிரி பேப்பர ஒட்டிட்டாவ. சோப்புத் தண்ணின்னு நெனச்சு ஊத்திட்டேன்."

"ஏன் ஒட்டினாங்களாம்?"

"பள்ளிக்கூடத்துல குப்பிக்கெல்லாம் பேரில்லன்னு எவனோ நியூஸ் பேப்பர்ல எழுதினானாம். எழுதினவன் ஒரு நாளு எனக்க கூட கக்கூஸ் கழுவ வரட்டும்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு மறுபடியும் இருமலானது.

அந்த எவனோ நான்தான். சென்ற மாதம் இதே பள்ளியில் நின்று குப்பிகளை எண்ணினேன். அவற்றைத் தினமும் எடுக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நூலைக்கூடப் பார்த்திருக்கிறேன். 'கழுத்தில் ஏதோ பழைய நூல்' என்று பழைய குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

தங்கத்திடம் சொல்லவில்லை. நூலைப் பற்றி எழுதிச் செய்தியை அனுப்பிவிட்டேன். அது அவர் வேலையைக் காப்பாற்றுமா, தெரியவில்லை. காலையில் முதலில் தலைமையாசிரியையிடம் அவர் வேலைக்காகப் பேச வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. செய்தியைத் தங்கத்துக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நானே வாசிக்கிறேன், எழுதியவன் பெயரையும் சேர்த்து.