நோட்டில் எழுதாமல் விட்ட பாட்டில்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பிக்கிறேன், என் வயிறு ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா நலம், உன் அத்தை என்னைவிட நலம், நீ ஜன்னலில் வைத்துவிட்டுப் போன செடிகூட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்புகிறேன். நேற்று சாயங்காலம் உன் அம்மா அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போன போனில் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு என் மேல என்ன கோபம், இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கப் போறேன்னு சொன்னதுக்கா, ஆறு வாரமா என்கூட பேசவே மாட்டேங்கறாரே என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கு வந்தது பார் ஒரு கோபம், அது உன் மேல் இல்லையம்மா. என் மேல், உன் அம்மா மேல், உன் அத்தை மேல், அப்புறம் ஒரு நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தின் மேல். போனிலேயே சொல்லலாமே என்பாய். வயிறு கலங்கி ஓடுகிற கதையைப் பெற்ற மகளிடம் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எழுதினால் என் முகம் தெரியாதல்லவா. உன் அம்மாவிடம் சொல்லச் சொன்னால் தன் பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்வாள்.

எட்டு மாதமாக எனக்கு வயிறு சரியில்லை என்பது உனக்குத் தெரியும், எவ்வளவு சரியில்லை என்பது தெரியாது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, புண் இல்ல, கட்டி இல்ல, பயப்படாதீங்க, இதுக்குப் பேரு எரிச்சல் குடல், சாப்பாடு தூக்கம் கவலை மூணையும் கவனிச்சாலே பாதி அடங்கிடும் என்றார். குடலுக்கு எரிச்சலாம், அதைச் சுமந்துகொண்டு அலைகிற எனக்கு எரிச்சல் வரக்கூடாதாம்! சாப்பாட்டு விஷயத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார், உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, நல்ல பெண். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், எதையும் ஒவ்வொண்ணா செஞ்சு பாருங்க சார், எல்லாத்தையும் ஒரே நேரத்துல செஞ்சா எது உதவுது எது கெடுக்குதுன்னு தெரியாது என்று. அதை நம் வீட்டில் யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? நார்ச்சத்துத் தூளை அரை ஸ்பூனில் தொடங்கி நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் உன் அம்மா சீக்கிரம் குணமாகட்டும் என்று முதல் நாளே மூன்று ஸ்பூன் போட்டாள், நான் இரண்டு நாள் பெல்ட் போட முடியாமல் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். புதினா எண்ணெய் மாத்திரை கொஞ்சம் கேட்டது, அதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னார் என்று இஞ்சித் தண்ணீர் வந்துவிட்டது. வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாள் அந்தப் பெண், அது ஒன்றுதான் யார் கையும் படாமல் தப்பித்தது. தினமும் கட்டட வேலையில் நான் ஓட்டும் கிரேனில் ஏறி உட்கார்ந்ததும் பத்து நிமிஷம் செய்கிறேன், நிஜமாகவே உதவுகிறது. வீட்டில் செய்தால் தூங்குகிறேன் என்று நினைத்து எழுப்பிவிடுகிறாள் உன் அம்மா.

இதற்கு நடுவில் உன் அத்தை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி அடித்தால் அக்கா ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலோடு வாசலில் நிற்பாள். ஆப்பிளும் பேரிக்காயும் அரைத்துத் தேன் ஊற்றிய சாறு. கலப்படமே இல்ல, எல்லாம் இயற்கை, ஒரு சொட்டு விடாம குடிடா என்று சொல்லிவிட்டு, நான் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுகிறவரை உட்கார மாட்டாள். அறுபத்தி ரெண்டு வயசுக்காரி இரண்டு பஸ் மாறி எனக்காகக் கொண்டு வருகிறாள், எப்படி வேண்டாம் என்பது? குடிப்பேன். பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய், முக்கால் மணி நேரம் பேசுவோம். நீ போனை வைத்த கொஞ்ச நேரத்தில் வயிறு ஆரம்பிக்கும். சாயங்காலம் வரை கக்கூஸே கதி, திங்கள்கிழமை வேலைக்குப் போனாலும் விடாது.

அந்த நோட்டு இங்கேதான் வருகிறது. தினமும் என்ன சாப்பிட்டீங்க, மனசு எப்படி இருந்தது, வயிறு எப்படி இருந்ததுன்னு எழுதிக்கிட்டு வாங்க என்று அந்தப் பெண் கட்டம் போட்டே கொடுத்திருந்தாள். நானும் இந்தக் கிரேன் வேலையில் முப்பது வருஷமாகத் தினசரிப் பதிவு எழுதுகிறவன்தானே, ஒரு பருக்கை விடாமல் எழுதினேன். சோறு, ரொட்டி, கேரட், முட்டை, எல்லாம் எழுதினேன். அக்காவின் சாற்றை மட்டும் எழுதவில்லை. ஏன் என்று கேள், அது சாப்பாடு இல்லையாம், மருந்தாம்! கட்டத்தில் உணவு என்றுதானே போட்டிருக்கிறது, மருந்தை அதில் எப்படி எழுதுவது என்று நினைத்தேன், உன் அம்மாவும் ஆமாம், அது எதுக்கு எழுதிக்கிட்டு என்றாள். ஆகவே ஞாயிறு காலை வயிறு கெடுவதற்கு முன்னால் நோட்டில் இருந்தது ஒரே ஒரு வரிதான். மகள் பேசினாள், சந்தோஷம், வைத்த பிறகு கொஞ்சம் வருத்தம். நோட்டு தொடங்கிய எட்டு வாரமும் அதே வரி.

கவலை குடலைக் கலக்கும் என்று டாக்டர் சொன்னதையும் இந்த வரியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் உன் அம்மா. அத்தையும் அவளும் என் எதிரிலேயே உட்கார்ந்து, உன் போன்தான் என் வயிற்றைக் கெடுக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கொஞ்ச நாள் அவகூட பேசாம இருங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அவகிட்ட அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமையும் வேலைன்னு நான் சொல்லிக்கறேன் என்றாள். நீ இரண்டு வருஷம் என்று சொன்ன அடுத்த வாரம்தான் இது நடந்தது, உனக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை பார், மடையன். சரி என்று தலையாட்டினேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குப் போன் அடிக்கும், உன் அம்மா அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ சிரிப்பது மட்டும் கேட்கும், என்ன சொன்னாய் என்று கேட்காது. வயிறோ முன்பு போலவே கலங்கியது.

ஐந்தாவது ஞாயிறு உன் அத்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்கு வயிறு சத்தமே போடவில்லை. பாத்தீங்களா, பேசாம இருந்ததோட பலன் என்று உன் அம்மா இன்னும் ஒரு மாதம் நீட்டித்துவிட்டாள். ஆறாவது ஞாயிறு அக்கா, போன வாரம் விட்டதுக்கும் சேர்த்து என்று இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். மறுநாள் திங்கள்கிழமை நான் முப்பது மாடி உயரத்தில் இருக்கிறேன், கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்குகிறது, வயிறு பிடித்துக்கொண்டது. ஏணியில் இறங்கவே பதினைந்து நிமிஷம் ஆகும். கம்பியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு வாக்கி டாக்கியில், அவசரம், இறங்குறேன், யாரும் ஏணிப் பக்கம் நிக்காதீங்க என்றேன். மொத்தக் கட்டடமும் கேட்டது. சிரித்தவனையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறேன். மேஸ்திரி நல்லவர், ஒரு வாரம் கீழேயே சிக்னல் காட்டுங்கண்ணே என்று முடித்துக்கொண்டார்.

நேற்று நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். ஞாயிறுகளை மட்டும் விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவள், மகள் பேசாத வாரமும் கெட்டிருக்கே சார், இதுல எழுதினதைத் தவிர வேற எதுவும் வாயில போடலையா என்று கேட்டாள். மருந்து மட்டும்தான்மா என்றேன். என்ன மருந்து என்றாள். சொன்னேன். ஆப்பிள், பேரிக்காய், தேன் மூன்றும் நல்ல பொருள்தானாம், ஆனால் என் மாதிரிக் குடல் உள்ள சிலருக்கு அவற்றில் இருக்கும் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் உள்ளேயே பொங்கிக் கலங்கிவிடுமாம். நாலு வாரம் அதை நிறுத்திப் பாருங்க, மகள்கிட்ட பேசறதை நிறுத்தச் சொல்லி நான் எப்ப சொன்னேன் என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அத்தை போனில், பழமும் தேனும் விஷமா, போடா என்று வைத்துவிட்டாள். உன் அம்மா பதிலுக்குப் பாத்திரங்களைத்தான் உருட்டுகிறாள்.

இரண்டு வருஷம் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன், ஆனால் அது என் வருத்தம், நீ உன் வேலையைப் பார். அத்தைக்கு நீயே ஒரு முறை பேசு, நான் சொன்னால் கேட்க மாட்டாள், பாட்டிலில் வெறும் தண்ணீர் கொண்டு வந்தாலும் குடிப்பேன் என்று சொல். நன்றாக மென்று சாப்பிடு, நின்றுகொண்டே விழுங்காதே, உன் குடலும் என் குடலின் பிள்ளைதான். நூறு வருஷம் நல்லா இரு கண்ணு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. விரைவுத் தபாலில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும். மறக்காதே, ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடு, போன் என் கையில் இருக்கும். பேச்சின் நடுவே நான் எழுந்து ஓடினாலும் ஓடுவேன். நீ மட்டும் வைத்துவிடாதே, வந்துவிடுவேன்.

உன் குரலுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்
அப்பா