சோழவந்தானுக்கு ஒரு தூக்குத் தண்ணீர்

மே 2, சனி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. வேலைகள்: கட்டிலுக்குக் கயிறு. சைக்கிள் பிரேக். மாட்டுச் சாணத்தை அள்ளிப் பின்பக்கம் ஒதுக்க வேண்டும். சவரம்.

நாளைக்குப் பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள். ஊர் சோழவந்தான். பெண்ணின் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். பெண் தனலட்சுமி, டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தோம். ஒரே ஒரு தடவை நிமிர்ந்தாள். அதுவும் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள் என்கிறாள் அம்மா. இந்த நோட்டில் இனி த. என்றே எழுதுகிறேன். யாராவது எடுத்துப் படித்தால் மானம் போகும்.

எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் தொல்லை.

கவலையெல்லாம் தண்ணீர். எங்கள் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். பஞ்சாயத்துக் குழாய் வந்த அன்று குழாய்க்கு மாலை போட்டு, சூடம் காட்டினோம். திறந்தால் சவர். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. பானைக்குள் வெள்ளை வெள்ளையாகப் படியும். எட்டாம் வகுப்புக்குக் கடின நீர் பாடம் நடத்துவது நான்தான். வீட்டில் வருஷம் பூராவும் செய்முறை. இதற்குமுன் வந்த வரன்கள் ஒரு மடக்குக் குடித்தார்கள். அதுவரை பொருந்தியிருந்த ஜாதகம் அதற்கப்புறம் பொருந்தவில்லை.

அம்மாவின் யோசனை: தோப்புக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பது. குடிக்க, காபிக்கு, சமையலுக்கு எல்லாம் அதுதான்.

"நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லிறாத. நல்ல தண்ணிதான குடுக்கப்போறோம், விஷமா குடுக்குறோம்?"

நானும் சரி என்று மண்டையை ஆட்டினேன்.

மே 3, ஞாயிறு

வந்தார்கள். போனார்கள். கை நனைக்கவில்லை.

எங்கள் பக்கம் வழக்கம் அப்படி. சம்பந்தம் பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை நனைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இல்லையென்றால் காபியோடு சரி.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. த.வின் அப்பா செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, "கொட்டாம்பட்டிப் பக்கம்னா தண்ணி சரியா இருக்காதுன்னாக. நல்லாத்தானய்யா இருக்கு!" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு பெருமை. உள்ளே வடை, பாயசம், சாம்பார்.

அப்புறம் த.வின் அம்மாவுக்கு வெற்றிலை போட்ட கையைக் கழுவ வேண்டியிருந்தது. பின்பக்கம் போனார். அங்கே குழாய். பக்கத்தில் புதுச் சோப்பு, நானே வாங்கி வைத்தது. குடிக்கிற தண்ணீரைத்தான் யோசித்தோமே தவிர கழுவுகிற தண்ணீரை யாரும் யோசிக்கவில்லை. தேய்த்தார், தேய்த்தார், நுரையே இல்லை. திரிதிரியாகக் கையில் ஒட்டியது. ஈர விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தார். "அப்ப நாங்க கெளம்புறோம் மதினி, பஸ்ஸு போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

சாம்பார் தெருவுக்கே போனது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நல்ல தண்ணீரில் வைத்த சாம்பார், இருக்காதா பின்னே.

மே 4, திங்கள்

புழுக்கம். அம்மா நாள் முழுக்கக் குழாயைத் திட்டினாள். குழாய் என்ன செய்யும்.

சவரால் இவர்கள் போகவில்லை. ஒளித்ததால் போனார்கள். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தவன் நான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்

இந்த வரனைக் கொண்டுவந்த மாமா ஆள் விட்டுக் கேட்டார். பதில்: "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்." இதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தலைக்குக் குளித்தேன். முடி தேங்காய் நார். த.வின் முடி நீளம். இந்தத் தண்ணீர் அதற்கு என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டே துவட்டினேன். பைத்தியம்.

மே 6, புதன்

சாயங்காலம் நாலு தூறல். மண் நனையவில்லை, வாசனை மட்டும் வந்தது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 7, வியாழன்

அதிகாலையில் குழாயடி. எவர்சில்வர் தூக்கு நிறையத் தண்ணீர் பிடித்து, மூடியைத் துணியால் கட்டினேன். அம்மாவிடம், "மதுரைக்குப் போறேன்." "சோப்பு வாங்கிட்டு வா, வேற கம்பெனி." அவளுக்கு இப்போது சோப்பு மேலும் சந்தேகம்.

மதுரையில் இறங்கி சோழவந்தான் பஸ். மடியில் தூக்கு. கண்டக்டர் விடவில்லை.

"தூக்குல என்ன வாத்தியாரே, பாலா?"

"தண்ணிண்ணே."

"வைகைக் கரைக்குத் தண்ணி கொண்டுபோற மொத ஆளு நீங்கதான்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டில் த.வின் அப்பா வெற்றிலைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி," என்றாரே தவிர முகத்தில் ஈயாடவில்லை. தூக்கை அவர் முன்னால் வைத்தேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இதுதாங்க எங்க வீட்டுத் தண்ணி. அன்னைக்கு நீங்க குடிச்சது தோப்புக் கெணத்துத் தண்ணி. மறைச்சது தப்பு. குடிச்சுப் பாத்துட்டு வேணாம்னு சொன்னீகன்னா பேசாமப் போயிர்றேன்."

த.வின் அம்மா கதவோரம் நின்று, "அதத்தான் நானே பாத்தேனே," என்றார்.

அப்போது த. டம்ளரோடு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஊற்றினாள், குடித்தாள். முகம் கோணியது. மிச்சத்தையும் குடித்தாள்.

"இதுல பருப்பு வேகுமா?"

"லேசுல வேகாது."

"நல்ல தண்ணி எம்புட்டு தூரம்?"

"ஒரு மைலு இருக்கும்."

"யாரு எடுக்குறது?"

கால்சியம், மெக்னீசியம் என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

"அன்னைக்கு எடுத்தது அம்மா. இனிமே நான் எடுக்குறேன். சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்துருவேன்."

"எனக்கு வேலை கெடச்சா நானும் காலையில பள்ளிக்கூடம் போவேன். அப்பவும் எடுப்பீகளா?"

"எடுப்பேன்."

"உள்ள போம்மா," என்றார் அவள் அப்பா. போனாள். தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பாத்திரச் சத்தம். அப்பா வெற்றிலையைப் பற்றிப் பேசினார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கிளம்பலாம் என்று பார்த்தால் தூக்கு உள்ளே இருக்கிறது. தூக்கில்லாமல் போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

உச்சிவெயில் ஆனது. த.வின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"கை கழுவிட்டு வாங்க தம்பி. எல போட்டாச்சு."

எழுந்தேன். அப்பா மனைவியைப் பார்த்தார். த.வின் அம்மா அடுப்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஊர்த் தண்ணியிலதான் பருப்பு வச்சிருக்கா. வேகலன்னு சொல்லப்படாது."

வேகத்தான் இல்லை. பருப்பு முழுசு முழுசாக இலையில் உருண்டது. த. கரண்டியோடு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்றாள்.

"ம்."

"மதுரையிலயா?"

"சோழவந்தான்ல. பொண்ணு வீட்ல. எல போட்டு."

அம்மா துணியைக் கீழே வைத்தாள். அப்புறம் அடுப்பைக்கூட அணைக்காமல் மாமா வீட்டுக்கு ஓடினாள்.