கேப்டனின் குரலை மாற்று

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம், மீதிக் கால் மாவுக்கட்டில் இருக்கிறது. படிக்கட்டில் சறுக்கி விழுந்த உன் அப்பா கொஞ்ச நாள் அடங்கி உட்காருவார் என்று பார்த்தால் அதுதான் இல்லை, சோபாவில் படுத்துக்கொண்டே வீட்டை ஏலம் போடுகிறார், ஃபேனைக் குறை, ஃபேனைக் கூட்டு, அந்த டம்ளரை ஏன் அங்கே வைத்தாய் என்று. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாய், அதனால்தான் போனை எடுக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறேன் பேர்வழி என்று நாலு பக்கமும் சாரம் கட்டி, மேலிருந்து கீழ் வரை பச்சை வலையைப் போர்த்தி, நம் ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டார்கள். திறக்கக் கூடாதாம், தூசி வருமாம். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தாளுக்கு அந்தப் பக்கம் ஆட்களின் கால்கள் மட்டும் மங்கலாகப் போகும், வரும். லிஃப்டையும் நிறுத்திவிட்டார்கள். பெயிண்ட் மேஸ்திரியைக் கேட்டால் "இன்னும் ரெண்டே நாள்தாங்கக்கா" என்கிறார், அந்த ரெண்டு நாள் எப்போது தொடங்கும் என்றுதான் தெரியவில்லை. நான் கீழே கடைக்குக் கிளம்பினால் உன் அப்பா ஏதோ நான் ஜாமீனில் போகிற மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அப்படி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்த நேரத்தில்தான் நீயே செய்து அனுப்பிய நீர்மூழ்கிக் கப்பல் கம்ப்யூட்டர் விளையாட்டு வந்து சேர்ந்தது.

சும்மா நல்லா இருக்குன்னு சொல்லாதே, குறையைச் சொல்லு, அப்பதான் திருத்த முடியும் என்று எழுதியிருந்தாய். நீயே கேட்டுக்கொண்டது, அப்புறம் மூஞ்சியைத் திருப்பக் கூடாது. முதலில் நல்லதைச் சொல்கிறேன். அந்த இன்ஜின் சத்தம் அபாரம், எங்கே பிடித்தாய்? மேலே எதிரிக் கப்பல் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாய் பார், அந்த இடத்தில் உன் அப்பா நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் ஒரு மூடியைக் கீழே போட்டுவிட்டேன், அதற்கு "காட்டிக் குடுத்துட்டியே, அறிவிருக்கா உனக்கு" என்று ஒரு கத்தல். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கப்பலுக்கு என் மூடி எப்படியப்பா கேட்கும்?

இனி குறை. எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, உன் வயசுக்காரர்கள் மட்டும்தான் ஆடுவார்களா? ஆழம் காட்டுகிற முள்ளும் பேட்டரி காட்டுகிற முள்ளும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கின்றன, நான் ஒன்றைப் பார்த்து இன்னொன்றென்று நினைத்து இரண்டு தடவை எல்லாரையும் சாகடித்துவிட்டேன், பாவம். தண்ணீர் ஒழுகுகிற குழாயை அடைக்கச் சொன்னாய், அடைத்தேன், அடைத்த கையோடு பக்கத்துக் குழாய் ஒழுகியது, அதை அடைத்தால் அடுத்தது. இதற்கு நான் வீட்டு வேலையையே பார்த்துவிட்டுப் போகலாமே! ஒரு குழாயை அடைத்தால் கொஞ்ச நேரமாவது நிம்மதி கொடு. கப்பலுக்குள் அத்தனை ஆட்கள் இருக்கிறார்களே, ஒருத்தர்கூட ஒருத்தரோடு பேசுவதில்லை, ஒரு சிரிப்பு கிடையாது. அவர்கள் தூங்குகிற இடத்தையும் காணோம். உன் கப்பலில் யாரும் தூங்கவே மாட்டார்களா என்று யோசித்தேன்.

பெரிய குறைக்கு இப்போது வருகிறேன். எவ்வளவு நன்றாக ஆடினாலும் கப்பல் மேலே வருவதே இல்லை. முதலில் எங்களுக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைத்தோம். மேலே போகிற பொத்தானை அமுக்கினால் கேப்டனின் அனுமதி வேண்டும் என்று வருகிறது. கேட்டால் ரேடியோ இரைச்சலுக்கு நடுவில் கேப்டன், "கொஞ்சம் பொறுத்துக்கோ. இப்ப வர வேண்டாம். எல்லாம் சரியாயிடும்" என்கிறான். காற்று பாதியாகக் குறைந்த பிறகு கேட்டாலும் அதே பதில். ஆட்கள் மயங்கி விழும்போது கேட்டாலும் அதே பதில். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன ஜென்மம் இவன்? உள்ள ஆளுங்க செத்துக்கிட்டிருக்காங்க, பொறுத்துக்கோங்கறான். இவனையெல்லாம் எவன் கேப்டனாக்கினது? கையில கெடச்சான்னா..." என்று திட்டித் தீர்த்தார். அடுத்த நாளும் ஆடினார், அடுத்த நாளும் திட்டினார். கீழ் வீட்டு டீச்சர் மேலே ஏறி வந்து, வீட்டில் ஏதாவது தகராறா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

சுண்டு, எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. நீ என்னதான் இரைச்சலைப் போட்டு மூடினாலும், பஸ் ஸ்டாண்டு மைக்கில் காலம் பூராவும் கூவி ரிட்டயர் ஆனவள் நான், கரகரக்கிற ஒலிபெருக்கிக்கு நடுவில் யார் குரல் என்று தெரியாதா? அதுவும் பேசுவதற்கு முன்னால் ஒரு செருமல் வருகிறதே, அதை நீ வெட்டாமல் விட்டுவிட்டாய். இருபத்தெட்டு வருஷமாக என் காதருகே கேட்கிற செருமல் அது. போன வருஷம் நீ அழுதுகொண்டே, வேலை செய்கிற இடத்தில் தரைக்கு அடியில் இருக்கிற ஜன்னலில்லாத அறையில் காவல் கேமரா திரைகளைப் பார்த்துப் பார்த்து மூச்சு முட்டுகிறது, கழிப்பறைக்குப் போனால்கூட மேலதிகாரி கணக்குக் கேட்கிறார், விடியும் முன்னால் உள்ளே போய் இருட்டின பிறகு வெளியே வருகிறேன், வந்துவிடட்டுமாப்பா என்று கேட்டாயே, அதற்கு அவர் கூடத்தில் நடந்துகொண்டே போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிய பதில் அது. போன வேகத்தில் திரும்பி வந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவருக்கு. அன்றைக்கு எங்களுக்குள் நடந்த சண்டை உனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். அதற்கப்புறம் நீ வருகிறேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்னாய். அவரும் பார்த்தாயா, பழகிவிட்டாள் என்று என்னிடம் பெருமை பேசினார்.

முந்தாநாள் மறுபடியும் கேப்டனைத் திட்ட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினது போதும், ஒரு தடவை காதை வைத்து நன்றாகக் கேளுங்கள் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கேட்டார். இன்னொரு தடவை போடு என்றார். மூன்றாவது தடவை அவரே அமுக்கினார். அப்புறம் ஃபேனைக் குறை என்றுகூடச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் ஒட்டிய ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் காபி கொடுக்கப் போனபோது, "அவ எத்தன தடவ கேட்டிருப்பா?" என்றார். ஒரு தடவைதான் கேட்டாள், நீங்கள் சொன்னதைத்தான் அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ரெண்டு பேரும் அழுதால் அந்தக் காபி ஆறிவிடும் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆட்டத்துக்கு முடிவு இன்னும் யோசிக்கலம்மா என்று எழுதியிருந்தாய் அல்லவா, நாங்கள் யோசித்துவிட்டோம். இந்தக் கடிதத்தோடு ஒரு ஒலிப்பதிவும் அனுப்பியிருக்கிறேன், கேப்டனுக்குப் புதுப் பேச்சு. அதைப் பேசி முடிப்பதற்குள் உன் அப்பா என்னைப் படாத பாடு படுத்திவிட்டார். ஒரு தடவை வெளியே சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு தடவை அதிகாரமாகப் பேசிவிட்டேன், அழிச்சிடு என்றார். கடைசியில், "வந்துடு கண்ணு. போதும். யார் என்ன சொன்னா நமக்கென்ன, நான் பாத்துக்கறேன். வந்துடு" என்று மட்டும் சொன்னார். முன்னால் செருமல் இருக்கிறது, அதை வெட்டிவிடாதே. பழைய பேச்சை எடுத்துவிட்டு இதைப் போடு. இன்னொன்று, ஆடுகிறவர் முதல் தடவை கேட்டவுடனேயே இந்தப் பதில் வர வேண்டும். காற்றுக் குறைகிற வரைக்கும் காக்க வைக்காதே.

ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுமே என்பாய். முடியட்டுமே. வேலை போனால் வேறு வேலை. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, கட்டிலில் மட்டும் அப்பா பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருந்தார், நேற்று ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் அவரே எடுத்துவிட்டார். உன் அறை ஜன்னல் பிளாஸ்டிக்கை மட்டும் முதலில் பிரித்துவிடச் சொல்லி மேஸ்திரியிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிரிக்காவிட்டால் நானே கிழித்துவிடுவேன், தூசி வந்தால் வரட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. அது ஒன்றுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் வேண்டியது. எழுத்தைப் பெரிசாக்குவது, முள்ளுக்கு நிறம் மாற்றுவது எல்லாம் இங்கே வந்து மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மறக்காமல் முதலில் டிக்கெட்டைப் போடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா

கூடவே, கேப்டன் வேலையிலிருந்து நீக்கப்பட்ட அப்பா